ஆன்லைன் ஓவிய வகுப்புக்குப் பணம் கட்டப்போகிறீர்களா? எங்கள் வீட்டில் நடந்ததைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

பத்தாவது, பிளஸ் ஒன் படிக்கும்போதே ஓவியம்தான் படிக்கப்போகிறேன் என்று முடிவு செய்துவிட்ட பிள்ளைகளுக்கும் அவர்களுடைய அம்மா அப்பாவுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். எங்கள் பள்ளியில் ஓவிய பீரியட் பத்தாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் சொல்லித்தர ஆள் இல்லை. ஆனால் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. என்ற நுண்கலைப் பட்டப்படிப்பில் சேர வேண்டும் என்பது ஒன்பதாவதிலிருந்தே ஆசை. 1850இல் தொடங்கிய கல்லூரி, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக இருந்த இடம் என்று தேடித்தேடிப் படித்து வைத்திருந்தேன். அந்த ஆசையைத்தான் ஒரு ஆன்லைன் ஓவிய நிறுவனத்தார் விலைக்கு வாங்கினார்கள்.

பிளஸ் ஒன் சேர்ந்த ஜூன் மாதம் போனில் ஒரு விளம்பரம் வந்தது. உயர்நிலை, மேல்நிலை மாணவர்களுக்கு ஓராண்டு ஆன்லைன் ஓவியப் படிப்பு, நுழைவுத் தேர்வுப் பயிற்சி, போர்ட்ஃபோலியோ (நாம் வரைந்த படங்களின் தொகுப்பு), அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ். இலவச டெமோ வகுப்பு நன்றாகவே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வந்த ஆசிரியர் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து வெளிச்சம், நிழல், விளிம்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் எல்லாம் அழகாகக் காட்டினார். அவரை அதற்குப் பிறகு ஒரு நாள்கூட நான் பார்க்கவில்லை.

அன்று இரவே கவுன்சிலர் என்று ஒருவர் அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா தையல் கடை வைத்திருக்கிறார், பள்ளிக்கூடச் சீருடை சீசன், மெஷினை விட்டு எழுந்திருக்க நேரமில்லாத நாள். "சார், உங்க பொண்ணுக்குக் கை தானா ஓடுது, இந்தத் திறமையை வீணாக்கிடாதீங்க, மெட்ராஸ் காலேஜ்ல சீட் உறுதி" என்றார். மொத்தம் 48,000 ரூபாய், ஆனால் நோ காஸ்ட் இஎம்ஐ, அதாவது வட்டியில்லாத் தவணை, மாதம் நாலாயிரம்தான், பிடிக்கவில்லை என்றால் ஏழு நாளில் முழுப்பணமும் திரும்ப வந்துவிடும், இந்தச் சலுகை இன்று இரவோடு முடிகிறது. பன்னிரண்டு பேர் மட்டும் உள்ள பேட்ச் என்றும் சொன்னார். ஆதார், பான் படம் எடுத்து அனுப்பினோம். ஓடிபி வந்தது, அப்பா படித்துச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது.

அந்த ஓடிபியில் என்ன இருந்தது என்று பிறகுதான் புரிந்தது. அது கட்டணத் தவணை இல்லை, அப்பா பெயரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் எடுத்த கடன். அந்தக் கம்பெனி ஓவிய நிறுவனத்துக்கு மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிடுகிறது, நாம் கம்பெனிக்கு மாதாமாதம் கட்ட வேண்டும். அதனால் வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஐந்தாம் தேதி அப்பா கணக்கிலிருந்து நாலாயிரம் தானாகப் போய்விடும். ஏழு நாள் கணக்கோ பணம் கட்டிய நாளிலிருந்து ஓடும், என் முதல் வகுப்பு நடந்தது ஒன்பதாம் நாள். வகுப்பையே பார்க்காமல் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

முதல் வகுப்பில் நான் பார்த்த எண்ணிக்கை 340. பன்னிரண்டு இல்லை, முந்நூற்று நாற்பது. மைக் கிடையாது, பேச வழியில்லை. சில வாரங்களிலேயே அது நேரடி வகுப்பே இல்லை, பழைய பதிவு என்று தெரிந்தது, ஏனென்றால் ஜூலை மாதத்தில் அந்த ஆசிரியர் எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துச் சொன்னார். இதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பதிவு வீடியோ பார்த்து எவ்வளவோ கற்றுக்கொள்ளலாம், யூடியூபில் இலவசமாகவே கிடைக்கிறது. பணம் கொடுப்பது கரெக்‌ஷனுக்கு. நாம் வரைந்ததை வரையத் தெரிந்த ஒருவர் பார்த்து இந்த இடத்தில் தப்பு என்று சொல்ல வேண்டும், அதற்குத்தான்.

அம்மாச்சி வீட்டுப் பித்தளைக் குடத்தை வரைந்து அனுப்பினேன். நாலு நாள் உட்கார்ந்தேன், 2பி, 4பி, 6பி பென்சில் மூன்றையும் மாற்றி மாற்றி வைத்து, வெளிச்சம் மாறிவிடக் கூடாது என்று தினமும் சாயங்காலம் அதே ஐந்து மணிக்கு அதே ஜன்னல் ஓரத்தில். எனக்கே தெரிந்தது குடம் தரையில் நிற்கவில்லை, எங்கேயோ மிதக்கிறது, ஆனால் ஏன் என்று தெரியவில்லை. எட்டு நாள் கழித்து பதில் வந்தது: "ஷேடிங் அருமை. முகபாவத்தில் இன்னும் கவனம் தேவை. 7/10."

குடத்துக்கு முகபாவம். மூன்று தடவை படித்தேன். பிறகு பழைய பதில்களை எடுத்துப் பார்த்தால் வாழைமரத்துக்கும் அதே வரி, போஸ்டர் கலரில் போட்ட தெருவுக்கும் அதே வரி, அதில் ஷேடிங் என்று ஒன்றே இல்லை. பேட்ச்சில் பழகிய சேலத்துப் பிள்ளைக்கும் அதே வரிதான் வந்திருந்தது. ஐந்து மாதத்தில் என் படம் ஒன்றைக்கூட எவரும் திறந்து பார்க்கவில்லை. அன்று ரொம்ப அழுதேன். காசுக்காக இல்லை, இவ்வளவு நாள் யாரோ பார்க்கிறார்கள் என்று நினைத்து வரைந்துகொண்டிருந்தேனே, அதற்காக.

சான்றிதழ் விஷயமும் சொல்லிவிடுகிறேன். அரசு அங்கீகாரம் என்று அவர்கள் காட்டியது உத்யம் பதிவு எண். அது சிறு குறு தொழில் நடத்துகிறவர்கள் ஆன்லைனில் இலவசமாக எடுத்துக்கொள்ளும் பதிவு, தையல் கடைக்குக்கூட எடுக்கலாம். பக்கத்தில் ஐஎஸ்ஓ என்ற தரச்சான்று முத்திரை ஒன்று. இரண்டுமே படிப்புக்கான அங்கீகாரம் கிடையாது. கவின் கலைக் கல்லூரி சேர்க்கைக்கு இந்த மாதிரிச் சான்றிதழால் எந்தப் பயனும் இல்லை, அங்கே நேரில் உட்காரவைத்து வரையச் சொல்வார்கள். கும்பகோணத்திலும் அப்படித்தான். நிஃப்ட் (ஃபேஷன்), என்ஐடி (டிசைன்) போன்ற தேசியக் கல்வி நிறுவனங்களிலும் அடுத்த கட்டத் தேர்வில் கையால் செய்துகாட்டத்தான் வேண்டும். இவர்களோ ஐந்து மாதமும் புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டுக் காப்பியெடுக்கத்தான் சொல்லித்தந்தார்கள். கட்டம் போடுவது தப்பில்லை, ஆனால் தேர்வு அறையில் எதிரே பொருள்தான் இருக்கும், போட்டோ இருக்காது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கவுன்சிலர் நம்பர் போகவே இல்லை. இமெயிலுக்கு "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் மட்டும். கோபத்தில் அப்பா கணக்கில் பணம் வைக்காமல் ஒரு மாதம் விட்டுவிட்டார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வங்கி ஒரு அபராதம் போட்டது, ஃபைனான்ஸ் கம்பெனி ஒரு அபராதம் போட்டது, வாடிக்கையாளர் நிற்கும் நேரத்தில் கடைக்குப் போன் செய்து சத்தம் போட்டார்கள், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோரும் இறங்கியது. முதலில் ஓவிய நிறுவனம், ஃபைனான்ஸ் கம்பெனி இரண்டுக்கும் எழுத்தில் அனுப்ப வேண்டும்: இன்ன தேதியில் இன்ன வாக்குறுதி கொடுத்தீர்கள், இது நடக்கவில்லை, ஒப்பந்தத்தை ரத்து செய்யுங்கள் என்று. டிஜிட்டல் கடனை எடுத்த உடனே ஒரு குறுகிய காலத்துக்குள் அபராதம் இல்லாமல் திருப்பிவிட ரிசர்வ் வங்கி விதியில் இடம் இருக்கிறது, அது எங்களுக்கு அப்போது தெரியாமல் போனது பெரிய நஷ்டம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்த பிறகுதான் அந்தப் பக்கம் அசைவு தெரிந்தது. பன்னிரண்டு பேர் பேட்ச் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, 340 தெரியும் ஸ்கிரீன்ஷாட், குடத்துக்கு வந்த பதில், எல்லாவற்றையும் இணைத்தோம். ஆறு வாரம் ஆனது. மீதிக் கடனை ஓவிய நிறுவனத்தாரே முடித்துக்கொடுத்தார்கள். கட்டிய ஐந்து தவணை, 20,000 ரூபாய், போனது போனதுதான். அதற்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நிறுவனம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஃபைனான்ஸ் கம்பெனி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பு அதிகாரியிடம் இலவசமாகப் புகார் செய்யலாம்.

அப்புறம் கடைக்குத் துணி தைக்க வந்த ஒருவர் மூலமாக, பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் ஓய்வுபெற்ற டிராயிங் சார் ஒருவர் இருப்பது தெரிந்தது. முதல் நாளே அந்தக் குடத்தை எடுத்துப் போனேன். ஒரு நிமிடம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் கொண்டுவந்து என் கண்ணுக்கு நேரே பிடித்தார். "தண்ணி எப்படித் தெரியுது பாப்பா?" கோடு மாதிரி, என்றேன். மெதுவாகக் கீழே இறக்கினார். கோடு விரிந்து முட்டை வடிவமானது, இன்னும் இறக்க இறக்க வட்டமாகிக்கொண்டே வந்தது. "இப்ப உன் குடத்தைப் பாரு." வாயை வளைவாகப் போட்டிருந்தேன், அடிப்பாகத்தை ஸ்கேல் வைத்த மாதிரி நேர்கோடாக முடித்திருந்தேன். அடிதான் கண்ணுக்கு ரொம்பக் கீழே இருக்கிறது, அதுதான் வாயைவிட அதிகமாக வளைய வேண்டும். மிதந்ததற்குக் காரணம் அதுதான். இரண்டு நிமிட வேலை. மாதம் ஐந்நூறு ரூபாய் வாங்குகிறார். போக முடியாத வாரத்தில் வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவேன், அதன் மேலேயே சிவப்பில் திருத்தி அனுப்பிவிட்டுப் போன் செய்து பேசுவார், அதுவும் ஆன்லைன்தானே.

அதனால் எந்த வகுப்பாக இருந்தாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் நீங்கள் வரைந்த ஒரு படத்தை அனுப்பி, உங்கள் கண் முன்னால் வீடியோவில் திருத்திக் காட்டச் சொல்லுங்கள். திருத்துகிறவர்தான் வகுப்பும் எடுப்பாரா என்று கேளுங்கள். தவணை என்றால் கடன் கொடுப்பது யார் என்று கேளுங்கள், ஓடிபி சொல்வதற்கு முன்னால் அந்தக் குறுஞ்செய்தியை முழுக்கப் படியுங்கள். இன்று இரவுக்குள் என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பதினாறு வயதுக்குள் இருக்கிற தம்பி தங்கைகளுக்குத் தமிழக அரசின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் குறைந்த கட்டணத்தில் ஓவியம் சொல்லித்தருகிறார்கள், உங்கள் மாவட்டத்தில் எங்கே என்று முதலில் விசாரியுங்கள்.

இதே மாதிரி "முகபாவத்தில் கவனம் தேவை" என்று பதில் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். ஒரே குறை உள்ள பலர் சேர்ந்து ஒரே வழக்காகப் போட சட்டத்தில் இடம் உண்டு. சேலத்துப் பிள்ளையின் அப்பா சம்மதித்துவிட்டார், என் அப்பாவும் தயார். கடன் கடிதத்தையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள்.