பால் சேர்க்காமல் குடிக்க எந்தத் தேயிலை? அஸ்ஸாம், டார்ஜிலிங், ஊவா, நீலகிரி

பால் விழுந்துவிட்டால் தேயிலைக்கும் தேயிலைக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி காணாமல் போய்விடும். பாலிலுள்ள கேசீன் புரதம், துவர்ப்புக்குக் காரணமான பாலிபீனால்களைப் பிடித்துக்கொள்கிறது. நாக்கில் உறைக்க வேண்டியது உறைப்பதில்லை. அதனால், பால் தேநீரில் பேர் வாங்கிய தேயிலை வெறும் தேநீரிலும் பேர் வாங்கும் என்று நம்பிப் பணம் கொடுக்க முடியாது. நான்கு ஊர் இலைகளையும் பால், சர்க்கரை இல்லாமல் அடுத்தடுத்துக் குடித்துப் பார்த்தால் இது விளங்கிவிடும்.

தேயிலையை மதிப்பிடுவதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 3103 என்றொரு தரமுறை இருக்கிறது. 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். குற்றம் கண்டுபிடிக்க ஏற்ற கணக்கு அது. ரசித்துக் குடிக்க அல்ல. 6 நிமிடம் ஊறிய பிறகு எந்த இலையாலும் தன் கசப்பை ஒளித்துவைக்க முடியாது. குடிப்பதற்கு 2 கிராமுக்கு 150 மில்லி, 3 முதல் 4 நிமிடம் போதும். உறிஞ்சும்போது காற்றையும் சேர்த்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் மணம் தொண்டைவழியாக மூக்குக்கு ஏறும். இந்த ஒரு இடத்தில் நாகரிகம் பார்ப்பவருக்கு நஷ்டம்.

முதலில் அஸ்ஸாம். பிரம்மபுத்திரா சமவெளியின் பெரிய இலைச் செடி, பாலிபீனால் மிகுதி. செம்பழுப்பு நிறம், வறுத்த தானிய வாசனை, வாய் நிறையும் திடம். முதல் மடக்கு பிரமாதம்; பாதிக் கோப்பைக்குள் நாக்கு வறண்டுவிடுகிறது. ஆறினால் தேநீர் கலங்கிப்போகிறது. காஃபீனும் பாலிபீனால்களும் ஒன்றுசேர்ந்து பிரிவதால் வருவது இது; கெட்டுப்போனதன் அறிகுறி அல்ல, செறிவின் அடையாளம்தான். ஆனால் பால் இல்லாதபோது அந்தச் செறிவே பாரமாகிறது. ஆண்டின் இரண்டாம் பறிப்பில், பொன்னிற மொட்டுகள் கலந்த முழு இலை கிடைத்தால் மட்டும் என் தீர்ப்பைச் சற்றுத் தளர்த்திக்கொள்வேன்.

டார்ஜிலிங்கை ஒரே தேயிலையாகப் பேசுவதே தவறு. மார்ச், ஏப்ரலில் வரும் முதல் பறிப்பை நன்றாக வாட்டிவிடுகிறார்கள். அதனால் இலை முழுதாகக் கறுப்பதில்லை. உலர்ந்த இலையிலேயே பச்சை தெரியும். கோப்பையில் இறங்குவது வெளிர்பொன் நிறம். பூவின் மணம், பச்சைக் காயின் துவர்ப்பு. கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றினால் மணம் அடங்கிக் கசப்பு முன்னால் வந்து நிற்கும். 90 டிகிரிக்கு இறங்கவிட்டு ஊற்றினால் பிழைத்தோம். மே, ஜூனில் வரும் இரண்டாம் பறிப்போ வேறு பிறவி. செம்பொன் நிறம், மஸ்கட் திராட்சையின் பழுத்த மணம். தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சும்போது செடி தற்காப்புக்காகச் சுரப்பவற்றுக்கும் அந்த மணத்தில் பங்கு உண்டு. பூச்சி கடித்த இலைக்குக் கூடுதல் விலை என்பது விவசாயத்தில் அபூர்வமான நியாயம்! மணத்தில் இதை வெல்ல இந்த நால்வரில் ஆள் இல்லை. குறை ஒன்றுதான்: ஊற்றும் நீரும் நேரமும் கொஞ்சம் பிசகினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவசரக் காலைக்கு ஆகாது.

இலங்கையின் ஊவா, பிடித்தவர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை அடிக்கும் வறண்ட காற்றில் பறித்த இலையில் மெத்தில் சாலிசிலேட் தூக்கலாக இருக்கும். வலி நிவாரணத் தைலத்தில் வருகிறதே, அதே பொருள்தான். மூக்குக்கு உடனே பிடிபட்டுவிடும். குடித்தபின் வாயில் ஒரு குளிர்ச்சி நிற்கிறது. எப்போதாவது ஒரு கோப்பை என்றால் சரி. தினமும் என்றால் எனக்கு வேண்டாம்.

நீலகிரிக்கு இவர்களுடைய புகழ் இல்லை. மணம் உண்டு, ஆனால் டார்ஜிலிங்போல அறை முழுக்கப் பரவாது; திடம் உண்டு, அஸ்ஸாம் அளவுக்கு இல்லை. பின் ஏன் கோப்பை முதலில் காலியாகிறது? உறுத்துவது எதுவும் இல்லை என்பதால்தான். துவர்ப்பு நாக்கின் ஓரத்தில் லேசாகத் தட்டிவிட்டுப் போகிறது. அடுத்த மடக்குக்கு வாய் தயாராகவே இருக்கிறது. ஆறினாலும் அவ்வளவாகக் கலங்குவதில்லை. கோப்பையின் அடி அப்போதும் தெரியும்; குளிர்ந்த தேநீருக்கு இதைத் தேடி வாங்குவது அதனால்தான். ஒரு நிமிடம் கூடுதலாக ஊறவிட்டாலும் மன்னித்துவிடும். டிசம்பர், ஜனவரிப் பனிக்காலத்தில் செடி மெல்ல வளரும்போது பறித்த இலையில் மணம் இன்னும் கூடுகிறது. தினப்படிக்கு ஒன்றே ஒன்று என்றால் என் ஓட்டு இதற்கு. விருந்தாளிக்குப் பெருமையாக ஊற்றிக் கொடுக்க, இரண்டாம் பறிப்பு டார்ஜிலிங்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நீலகிரியில் விளைவதில் பெரும்பகுதி, நசுக்கிக் கிழித்துக் குருணையாக உருட்டிய சி.டி.சி. ரகம். அது பாலுக்காகவே பிறந்தது. நிறம் சட்டென்று இறங்கும், மணம் பின்தங்கும். நான் மேலே சொன்னது ஆர்த்தடாக்ஸ் முறையில் சுருட்டிய இலையைப் பற்றி. பொட்டலத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஓ.பி. (முழு இலை), பி.ஓ.பி. முதலிய எழுத்துகள் பெரும்பாலும் இலையின் அளவைக் குறிப்பவை. சுவைக்கு உத்தரவாதம் அல்ல. பி.ஓ.பி. என்றால் உடைந்த இலை. சாறு வேகமாக இறங்கும். ஒரு நிமிடம் முன்னதாகவே வடிகட்டிவிடுங்கள்.