நடுங்கும் கையை அடக்குவதா, ஒரே பழக்கத்துக்குள் வைப்பதா?

மாங்குளத்தில் எங்கள் முற்றத்துப் பாலைமரத்தடியில், காலபோக அறுவடை முடிந்த கையோடு 304 என்ற கடதாசி ஆட்டம் தொடங்கிவிடும். போன வருசம் கனடாவிலிருந்து வந்த மச்சான் எங்களுக்குப் போக்கர் பழக்கினான். காசு கிடையாது, புளியங்கொட்டைதான். முதல் இரவே எனக்கு ஏஸ் சோடி, மிக நல்ல கடதாசி, வந்தது. பத்துக் கொட்டையை அள்ளி நடுவில் வைக்கும்போது இரண்டு நழுவிப் பாயில் உருண்டன. மச்சான் தன் கடதாசியை உடனே கீழே போட்டு அந்த ஆட்டத்திலிருந்து விலகிவிட்டான். "உன்ர கை சொல்லிப்போட்டுது" என்றான்.

கை நடுங்குகிறவன் ஏமாற்றுகிறான் என்றுதான் நினைத்திருந்தேன். போக்கரில் பெரும்பாலும் மறுதலை. நல்ல கடதாசி வந்ததும் அட்ரினலின் பாய்ந்து விரல் ஆடும். புளுடா விடுகிறவன்தான் மூச்சை அடக்கி விறைத்துப்போய் இருப்பான்.

அதனால்தான் கல்லுப்போல இருக்கும் வழியை நான் நம்புவதில்லை. தொடக்கத்திலிருந்து முடியும்வரை அப்படி இருக்க முடிந்தால் சரி. மூன்று மணித்தியாலம் யாரால் முடியும்? முக்கியமான ஆட்டத்தில் மட்டும் விறைத்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். கழுத்து நரம்பு துடிப்பதை அப்போதும் மறைக்க முடியாது.

கறுப்புக் கண்ணாடி, தொப்பி எல்லாம் முகத்துக்குத்தான். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உலகப் போக்கர் தொடரின் காணொளித் துண்டுகளில் முகத்தை மட்டும் பார்த்தவர்கள் கணிப்பில் சறுக்கினார்கள். கையசைவை மட்டும் பார்த்தவர்கள் அவர்களைவிட நன்றாகக் கணித்தார்கள்.

எனக்குப் பிடித்தது ஒரே பழக்கம். கடதாசியை ஒருதரம் பார்த்துக் கவிழ்த்து வைப்பேன். மூச்சை மெதுவாக விட்டு மனதுக்குள் மூன்று எண்ணுவேன். அப்புறம் முன்கையைப் பாயில் ஊன்றி, கொட்டைகளை அள்ளாமல் விரலால் தள்ளுவேன். ஏழும் இரண்டும் என்று மோசமான கடதாசி வந்தாலும் அதே எண்ணிக்கை, அதே தள்ளல். நடுக்கம் நிற்காது, ஆனால் வெளியே தெரிய இடமும் குறைவு. இது உடம்பில் படிய எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. அதுவும் வெறுங்கடதாசி வந்தபோது பழகியதால்தான்.

304இல் இது முழுதாக உதவாது. போக்கரில் இரண்டு கடதாசியைக் கீழே வைத்துவிடலாம். இங்கே எட்டையும் விசிறிபோலக் கையில் பிடிக்க வேண்டும். முதல் நான்கு கடதாசியிலேயே ஒரே இனத்தில் 30 புள்ளி ஜாக்கும் 20 புள்ளி ஒன்பதும் வந்துவிட்டால், கேள்வி கேட்கும் (ஏலம் கூறும்) முன்பே விசிறியின் நுனி படபடக்கும். விசிறியை ஒடுக்கிப் பிடித்து, முழங்கையை முழங்காலில் ஊன்றினால் பாதி அடங்கும். ஆனால் எல்லா ஆட்டத்திலும் அப்படியே இருக்க வேண்டும். வழமையாகச் சாய்ந்திருப்பவன் திடீரென்று முழங்கையை ஊன்றினால் எதிர்ச்சோடி விழித்துக்கொள்ளும்.

எங்கள் பெரியப்பாவுக்கு வயதால் கை எப்போதும் நடுங்கும். வெற்றிலைத் தட்டை எடுத்தாலும் நடுங்கும், துரும்புக் கடதாசியைக் கவிழ்த்து வைத்தாலும் நடுங்கும். அவர் கையில் என்ன இருக்கிறது என்று அந்தப் பாயில் இதுவரை ஒருவரும் பிடித்ததில்லை.