லேசர்ஜெட் 1020-ஐ லினக்ஸில் ஓட்ட: எச்பிலிப்பா, ஃபூ2இசட்ஜேஎஸ்ஸா?

எச்பி லேசர்ஜெட் 1020 இன்னும் எத்தனையோ அலுவலகங்களில் உழைக்கிறது. கணினியை லினக்ஸுக்கு மாற்றியதும் அது மக்கர் செய்யும். காரணம், இதன் ஃபர்ம்வேர், அதாவது பிரிண்டரையே இயக்கும் மென்பொருள், பிரிண்டருக்குள் நிரந்தரமாக இல்லை. ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அனுப்ப வேண்டும். அனுப்பியதும் உள்ளே மோட்டார் சுழலும் சத்தம் கேட்கும். அது கேட்கவில்லையென்றால் எத்தனை தடவை பிரிண்ட் கொடுத்தாலும் தாள் நகராது.

முதல் வழி, எச்பியே வெளியிடும் எச்பிலிப் (HPLIP) என்ற டிரைவர் மென்பொருள். 1020-க்கு அது மட்டும் போதாது, மூடிய நிரலாக வரும் பிளகின் என்ற துணை மென்பொருளும் வேண்டும். டெர்மினலில் ‘எச்பி-பிளகின்’ (hp-plugin) கட்டளை கொடுத்தால் அதுவே இறக்கி நிறுவிவிடும். ஆனால் பிளகினும் எச்பிலிப்பும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். சிஸ்டத்தை அப்டேட் செய்த மறுநாள் பிரிண்டர் நின்றுபோனால் முதலில் இதைத்தான் பாருங்கள். பெரும்பாலும் அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும்.

இரண்டாவது ஃபூ2இசட்ஜேஎஸ் (foo2zjs) என்ற திறமூல டிரைவர். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் தொகுப்பாகவே கிடைக்கிறது. பிளகின் தொல்லை இல்லை, அப்டேட்டுக்கும் அசையாது. ஃபர்ம்வேர் கோப்பை மட்டும் நாமே தேடி உரிய ஃபோல்டரில் வைக்க வேண்டும்.

ஒரே மேசைக் கணினி, இணைய வசதியும் உண்டு என்றால் எச்பிலிப்பே போதும். ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றைப் பிரிண்ட் சர்வராக்கி எல்லோருக்கும் பகிரப்போகிறீர்களா? தயங்காமல் ஃபூ2இசட்ஜேஎஸ் போடுங்கள். அப்புறம், இரண்டையும் ஒன்றாக நிறுவாதீர்கள். ஃபர்ம்வேரை அனுப்ப இரண்டும் முட்டிக்கொள்ளும்.