சென்னையைக் கைக்குழந்தையுடன் சுற்ற: தள்ளுவண்டியா, கேரியரா?

மகளுக்கு நான்கு மாதம் ஆனபோது ஒரு பேபி கேரியரும் (குழந்தையை நெஞ்சோடு கட்டிச் சுமக்கிற துணிப்பை) மடக்குகிற தள்ளுவண்டியும் வாங்கினோம். இப்போது அவளுக்கு ஒன்றரை வயது. இரண்டையும் வைத்துக்கொண்டு சென்னையின் முக்கியமான இடங்களை ஓரளவு சுற்றிவிட்டோம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், தயங்காமல் கேரியரை வாங்குங்கள்.

காரணம் நம் நடைபாதைகள். பெயர்ந்த கல், குறுக்கே மின்பெட்டி, ஏற்றி நிறுத்திய பைக். எழும்பூர் மெட்ரோவில் லிஃப்ட் ஏறிச் சுகமாக வெளியே வரலாம். அங்கிருந்து பாந்தியன் சாலை அருங்காட்சியகம் வரை வண்டியைத் தள்ளுவதைவிடத் தூக்குவதுதான் அதிகம். உள்ளேயும் படிகள் உண்டு. கேரியரில் இன்னொரு சுகம்: வெண்கலக் கூடத்தில் நடராசர் முன்னால் நின்றால் அவள் கண்ணும் என் கண்ணும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். வண்டியில் உட்கார்ந்தால் பீடத்தைத்தான் பார்ப்பாள். (வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை.) மெரினா மணலிலும் கேரியர்தான், சக்கரம் புதைந்துவிடும்.

கட்டும்போது குழந்தையின் முட்டி இடுப்பைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். மோவாய் நெஞ்சோடு ஒட்டவே கூடாது, மூச்சு தடைப்படும். சின்னக் குழந்தை என்றால் முகம் நம் பக்கம் இருக்கட்டும். சித்திரை வெயிலில் இருவருக்கும் வியர்த்துக் கொட்டும் என்பது உண்மை. வலைத்துணி வைத்ததாகப் பார்த்து வாங்குங்கள், காலை பத்து மணிக்குள் வீடு திரும்பப் பாருங்கள்.

தள்ளுவண்டி வென்ற இடம் வண்டலூர் உயிரியல் பூங்கா. 602 ஹெக்டேர்; தோளில் சுமந்து முடியாது. சாலை நன்றாக இருக்கிறது, நிழலும் உண்டு, டயப்பர் பை, சோற்று டப்பா எல்லாம் வண்டிக்குக் கீழே போய்விடும். வெள்ளைப் புலியை அடைவதற்குள் அவள் தூங்கிவிட்டாலும் எழுப்ப வேண்டியதில்லை. வெயிலுக்காக வண்டியைத் துணியால் மூடுகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். காற்றுப் போகாமல் உள்ளே வெப்பம் ஏறிவிடும். செவ்வாய்க்கிழமை பூங்கா கிடையாது, ஞாயிறு கூட்டம் தாங்காது.

என் மனக்குறை வேறு. 2015-லேயே தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. அருமையான யோசனை. ஆனால் நான் போன ஓர் இடத்தில் அறை பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. டயப்பர் மாற்ற ஒரு மேடைகூட இல்லாத இடங்களே அதிகம். மடக்குகிற ரப்பர் ஷீட் ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். பால் கொடுக்க மெல்லிய பருத்தித் துப்பட்டா போதும்.

தேய்மானம் என்று பார்த்தால், கேரியரின் கொக்கிகள் இன்னும் உறுதியாக இருக்கின்றன, துணிதான் வெளுத்துவிட்டது. வண்டியின் முன்சக்கரம் ஆடுகிறது. மகள் பத்து கிலோவைத் தாண்டியதிலிருந்து என் தோள் வலிக்கிறது. அதனால் இப்போதெல்லாம் கணவர்தான் கேரியரைக் கட்டிக்கொள்கிறார்.