திம்பம் மலைப்பாதையும் பழைய டீசல் பிக்கப்பும்: ஹீட் பிரச்சினையைத் தேடிப் பிடித்த அனுபவம்

சத்தியமங்கலத்திலிருந்து தாளவாடிக்கு உரமும் சிமெண்டும் ஏற்றிப் போய், திரும்பும்போது முட்டைக்கோஸ் மூட்டைகளோடு இறங்கும் வண்டி என்னுடையது. நான்கு சிலிண்டர் டீசல் பிக்கப், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பண்ணாரியைத் தாண்டியதும் திம்பம் ஏற்றம், 27 கொண்டை ஊசி வளைவுகள். முழு பாரத்தோடு முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து ஏறும்போது இன்ஜினுக்கு வேலை உச்சத்தில் இருக்கும், முன்னாலிருந்து வரும் காற்றோ மிகக் குறைவாக இருக்கும். கூலிங்கில் எந்த மூலையில் குறை இருந்தாலும் இந்த ரோடு காட்டிக் கொடுத்துவிடும். பல வருடங்களில் இந்த வண்டியின் கூலிங் பாகங்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரு முறையாவது மாறிவிட்டன. அவற்றில் எது பலன் தந்தது, எதைத் தேவையில்லாமல் மாற்றச் சொல்கிறார்கள் என்பதை எழுதுகிறேன்.

வண்டி ஹீட் ஆகிறது என்று பட்டறையில் சொன்னால், முதலில் ரேடியேட்டரைக் கழற்றத்தான் பார்ப்பார்கள். எப்போது ஹீட் ஆகிறது என்று கேட்பவர்கள் குறைவு. பாதி பதில் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. ஊருக்குள் நெரிசலில் நிற்கும்போது டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் ஏறி, வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் குறை காற்றில்: விசிறி, பெல்ட், விசிறியைச் சுற்றியுள்ள கூடு. கோவை ரோட்டில் வேகமாகப் போகும்போது முள் ஏறி, மெதுவாக ஓட்டினால் இறங்கினால் குறை தண்ணீர் ஓட்டத்தில்: அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பாடி (தண்ணீரைச் சுற்ற வைக்கும் பம்ப்), அல்லது உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்துப் போன கீழ் ஓஸ் பைப். அந்த ஓஸில் தண்ணீர் பம்பை நோக்கி உறிஞ்சப்படுகிறது, ஸ்பிரிங் இல்லாவிட்டால் அதிக ஆர்பிஎம்மில் சப்பிப் போய் வழியை அடைத்துவிடும். நின்ற வண்டியில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க, இன்னொருவர் பானட்டைத் திறந்து அந்த ஓஸைப் பார்க்க வேண்டும்.

என் வண்டி இந்த இரண்டு வகையிலும் சேரவில்லை. காலையில் சமவெளியில் ஓடும்போது முள் மேலே வரவே நேரம் பிடிக்கும். மலையில் பாதி ஏறுவதற்குள் சிவப்புக் கோட்டைத் தொடும். குளிர்ந்தே கிடக்கும் இன்ஜின் ஏற்றத்தில் மட்டும் ஏன் கொதிக்கிறது என்று யோசித்தபோதுதான் தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் வந்தது. அது உட்காரும் ஹவுசிங்கைத் திறந்து பார்த்தால் உள்ளே காலி. முன்பு வண்டி வைத்திருந்தவர் காலத்திலேயே யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் இது சர்வ சாதாரணம். "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட்டெல்லாம் எதுக்குங்கண்ணா, எடுத்துப் போட்டா தண்ணி ஃப்ரீயா ஓடும்" என்று மெக்கானிக்குகள் இன்றும் சொல்கிறார்கள்.

ஏன் அது தவறு என்பதை விளக்கியே ஆக வேண்டும். என் வண்டியில் இருப்பதைப் போன்ற தெர்மோஸ்டாட் இரண்டு வேலை செய்கிறது. இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கும்போது ரேடியேட்டர் வழியை மூடி, தண்ணீரை பைபாஸ் வழியாக இன்ஜினுக்குள்ளேயே சுற்ற விடும். சூடானதும் ரேடியேட்டர் வழியைத் திறக்கும். அதே நேரத்தில் அடியில் இருக்கும் தட்டு பைபாஸ் துளையை அடைக்கும். கழற்றி எறிந்துவிட்டால் இரண்டு வழியும் எப்போதும் திறந்தே கிடக்கும். லேசான ஓட்டத்தில் இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராது: டீசல் அதிகம் குடிக்கும், புகை வரும். மலை ஏறும்போதோ கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் பைபாஸில் திரும்பி மறுபடி இன்ஜினுக்குள் நுழையும். கழற்றினால் குளிரும் என்று நினைத்துச் செய்ததே மலையில் சூட்டைக் கூட்டியிருக்கிறது.

புதிய தெர்மோஸ்டாட்டை மாட்டும் முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்துப் பாருங்கள். 82 என்று அச்சடித்திருந்தால் 82 டிகிரி செல்சியஸ் அருகில் திறக்க ஆரம்பிக்க வேண்டும், 95 அளவில் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். கடையில் வாங்கிய புதுப் பொருளிலும் திறக்காதது உண்டு. மாட்டும்போது அதிலுள்ள சின்ன ஆணித் துளை மேல் பக்கம் இருக்கட்டும், உள்ளே மாட்டிய காற்று வெளியேறும் வழி அதுதான்.

தெர்மோஸ்டாட் போட்டதும் சமவெளிப் பிரச்சினை முழுமையாகத் தீர்ந்தது. மலையில் முள் சிவப்பைத் தொடுவது நின்றது, ஆனாலும் நடுவில் நிற்காமல் மேலேதான் நின்றது. அடுத்த குறை விஸ்கஸ் ஃபேனில். விசிறியின் நடுவில் உள்ள கிளட்சுக்குள் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும், முன்பக்கம் சுருள் வடிவில் ஒரு பைமெட்டல் தகடு. ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று சூடானால் தகடு நகர்ந்து எண்ணெயை உள்ளே விடும், விசிறி இறுகிப் பிடித்துச் சுற்றும். நல்ல நிலையில் இருந்தால் ஏற்றத்தில் ஒரு கட்டத்தில் விசிறி பெரிய இரைச்சலோடு பிடிப்பது கேபினுக்குள் கேட்கும். என் வண்டியில் அந்தச் சத்தமே கேட்டதில்லை. இன்ஜினை அணைத்து, சூடாக இருக்கும்போதே விசிறியைக் கையால் சுற்றினால் தடை தெரிய வேண்டும். என்னுடையது சும்மா சுழன்றது, நடுப்பகுதியில் எண்ணெய் கசிந்து தூசி ஒட்டிய கறையும் இருந்தது. இன்ஜின் ஓடும்போது அங்கே கையை நீட்டவே கூடாது.

விசிறியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூட்டையும் கவனியுங்கள். ரேடியேட்டர் வேலைக்குக் கழற்றிய பிறகு, உடைந்துவிட்டது என்று சொல்லி அதைத் திரும்ப மாட்டாமலே அனுப்பிவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டர் வழியே காற்றைச் சரியாக இழுக்காது, பக்கத்தில் கிடக்கும் சூடான காற்றையே கிளறிக் கொண்டிருக்கும். கிரில்லுக்கு முன்னால் பெயர்ப் பலகை, கூடுதல் ஹாரன் என்று எதையாவது மாட்டியிருந்தால் அவையும் காற்றை மறைக்கும்.

ரேடியேட்டர் மூடி விலை குறைந்த பொருள், அதனாலேயே யாரும் மதிப்பதில்லை. 0.9 பார் மூடி உள்ளே அழுத்தத்தைச் சரியாகப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் செத்துப் போன மூடியில் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும், மலைமேல் அதைவிடவும் சீக்கிரம்: 1,000 மீட்டர் உயரத்தில் கொதிநிலை 3 டிகிரிக்கு மேல் குறைகிறது. மூடியில் இன்னொரு சின்ன வால்வும் இருக்கிறது. வண்டி ஆறும்போது ரேடியேட்டரோடு இணைந்த பாட்டிலில் இருந்து கூலண்டைத் (குளிர்விக்கும் திரவத்தைத்) திரும்ப உள்ளே இழுப்பது அதுதான். காலையில் ஓஸ்கள் சப்பிக் கிடந்தால் அந்த வால்வு அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் தண்ணீர். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பது எங்கள் பாத்திரங்களைப் பார்த்தாலே தெரியும். அதே உப்பு ரேடியேட்டர் குழாய்களிலும் படிகிறது. பித்தளை ரேடியேட்டர் என்றால் பட்டறையில் மேல் டேங்கைக் கழற்றி ராடு விட்டுச் சுத்தம் செய்துவிடலாம். பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினியத்தில் அது எளிதல்ல, அடைப்பு அதிகமானால் மாற்றுவதே மேல். இப்போது நான் கூலண்டும் டிஸ்டில்டு தண்ணீரும் பாதிப் பாதியாக ஊற்றுகிறேன். வேறு வேறு நிறக் கூலண்டைக் கலப்பதில்லை. கூலண்ட் போட்டதால் வண்டி அதிகம் குளிர்ந்துவிடாது. துருவையும் உப்புப் படிவையும் தடுக்கும், கொதிநிலையைக் கொஞ்சம் உயர்த்தும். செலவுக்குத் தகுந்த பலன் இருக்கிறது.

பயந்து பயந்து பார்த்தது ஹெட் கேஸ்கட்டைத்தான், அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள சீல் தகட்டை. ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வருகிறதா, மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே மேல் ஓஸ் கல் மாதிரி இறுகுகிறதா, கசிவே தெரியாமல் தண்ணீர் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் ரேடியேட்டரில் பணத்தைப் போடாதீர்கள், ஹெட்டைக் கழற்றி பேஸிங் (அதன் அடிப்பரப்பு சமமாக இருக்கிறதா என்று) பார்க்க வேண்டியதுதான். என் வண்டியில் இந்த அறிகுறி எதுவும் இல்லை.

கருவிகளில் எனக்கு அதிகம் உதவியது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். ரேடியேட்டர் முகப்பில் கட்டம் கட்டமாகப் பிடித்தால் அடைத்த பகுதி குளிர்ச்சியாகக் காட்டும். பளபளக்கும் உலோகத்தில் தப்பாகக் காட்டும் என்பதால், தெர்மோஸ்டாட் ஹவுசிங் பக்கம் அளக்கும்போது கறுப்பு ரப்பர் ஓஸில் பிடிக்க வேண்டும். டேஷ்போர்டு முள்ளை நான் முழுதாக நம்புவதில்லை. தண்ணீர் நிறையக் குறைந்துவிட்டால் சென்சார் நீராவியில் நிற்கும், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே காட்டலாம். ஏற்றத்தில் முள் திடீரென்று விழுந்தால் சந்தோஷப்படாமல் ஓரங்கட்டுங்கள்.

கூலிங் சரியாக இருந்தும் ஹீட் ஆகும் வண்டிகள் உண்டு. பிரேக் ஒட்டிப் பிடித்தாலும், கிளட்ச் வழுக்கினாலும், ஏர் ஃபில்டர் அடைத்தாலும், டன் கணக்கு மீறி ஏற்றினாலும் சூடு ஏறத்தான் செய்யும். திம்பத்தில் இரவு போக்குவரத்துக்குத் தடை இருப்பதால் மாலைக்குள் ஏறிவிட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்த அவசரத்தில் கொதிக்கும் வண்டியின் மூடியைத் திறப்பதையும், சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். முதலாவது முகத்தைப் பொசுக்கும், இரண்டாவது சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விட வைக்கும். ஓரங்கட்டி, ஐடிலில் விட்டு, முள் இறங்க ஆரம்பித்த பிறகு அணையுங்கள். தண்ணீர் கொட்டிவிட்டது, பெல்ட் அறுந்துவிட்டது என்றால் மட்டும் உடனே அணைக்க வேண்டும். ஓஸ் கையால் பிடிக்கும் அளவுக்கு ஆறியதும் மூடியைத் தொடுங்கள்.

இப்போது வண்டி முழு பாரத்தோடு ஏறும்போதும் முள் நடுவுக்குச் சற்று மேலே நிற்கிறது, ஏழாவது எட்டாவது வளைவில் விசிறி பிடிக்கும் சத்தம் கேட்கிறது. மிச்சம் ஒன்று இருக்கிறது: வாட்டர் பாடியின் அடித் துளையில் லேசான ஈரம். உள்ளே சீல் தேய ஆரம்பித்துவிட்டது. சித்திரை வெயிலுக்கு முன் பம்பையும் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றப் போகிறேன்.