பாப்பாவுக்குத் தயிர் வாங்கப் போய் 5,940 ரூபாயை விட்டேன், ஒரு வயசுக்குக் கீழ குழந்தை இருக்கறவங்க படிங்க

தொகையை முதல்லயே சொல்லிடறேன். 5,940 ரூபாய். எட்டு மாசக் குழந்தைக்குத் தயிர் வாங்க. ஆமா, தயிர்தான். சிரிக்கறவங்க சிரிச்சுக்கோங்க, எங்க அத்தை ஏற்கெனவே சிரிச்சு முடிச்சுட்டாங்க. ஆனா வெறும் காசுக்காக நான் இதை எழுதல. அந்தக் கப்புக்குள்ள என்ன இருந்துச்சுன்னு கீழே சொல்லியிருக்கேன், அதையாவது படிங்க. குழந்தைக்கு யோகர்ட் வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன். பாப்பா இப்பத்தான் தூங்குனா. எந்திரிக்கறதுக்குள்ள முடிக்கணும்.

எங்க வீடு கோயமுத்தூர். போன மாசம் பாப்பாவைச் சளிக்குக் காட்டப் போனப்ப, தயிர் எப்ப ஆரம்பிக்கலாம்னு டாக்டர்கிட்ட கேட்டேன். "சளி விட்டதும் ஆரம்பிங்கம்மா. ஆடை எடுக்காத பால்ல போட்ட வெறும் தயிர். சர்க்கரை வேண்டாம், உப்பு வேண்டாம். முதல் நாள் ஒரே ஒரு ஸ்பூன். தடிப்பு, வாந்தி ஏதாவது வருதான்னு ரெண்டு மூணு நாள் பாருங்க. தாய்ப்பாலைக் குறைச்சுடாதீங்க. மாட்டுப் பாலைக் குடிக்கக் கொடுக்கறது மட்டும் ஒரு வயசுக்கு அப்புறம்"னார். ரெண்டு நிமிஷம்கூட ஆகல. அதுலயே எல்லாம் இருந்துச்சு.

அத்தை அன்னைக்கே உறை ஊத்தித் தர்றேன்னாங்க. நான்தான் வேண்டாம்னேன். இந்த மழைக் குளிருக்கு ஒரு நாள் கட்டியா உறையுது, ஒரு நாள் தண்ணியா நிக்குது, குழந்தைக்கு எப்படிக் கொடுக்கறதுன்னு பெரிய மேதாவி மாதிரி பேசினேன். இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு. அந்தத் தயிரைத் தின்னு வளர்ந்தவரைத்தானே நான் கல்யாணமே பண்ணியிருக்கேன்.

ராத்திரி ரெண்டு மணி, பாப்பா மடியில, ஒரு கையில போன். அப்பத்தான் அந்த வீடியோ வந்துச்சு. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, நடுவுல மாடு மேயுது, ஒரு சின்னக் குழந்தை வாயெல்லாம் தயிர் பூசிக்கிட்டுச் சிரிக்குது. "ஆறு மாதம் முதல். ஏ2 பால். ப்ரோபயாட்டிக். துளியும் சர்க்கரை இல்லை." இது கடையும் இல்ல, பெரிய ஆன்லைன் ஆப்பும் இல்ல. போட்டோ வீடியோ போடற தளத்துல ஒரு பக்கம், கீழே ஒரு வாட்ஸ்அப் நம்பர், அவ்வளவுதான். பேரை நான் எழுதல. எழுதினா இந்தப் பதிவைத் தூக்க வெச்சுடுவாங்கன்னு வீட்டுக்காரர் பயப்படறார்.

நான் சும்மா ஏமாறல. கேள்வி கேட்டேன். சர்க்கரை போடறீங்களா, எந்தப் பால், எத்தனை நாள் இருக்கும்னு வரிசையா கேட்டேன். பதிலுக்கு எழுத்து வரல, குரல் வந்துச்சு. ஒரு அம்மாவோட குரல். "நானும் அம்மாதான்ம்மா. என் பையனுக்குக் கடைத் தயிர் கொடுக்க மனசு வராமத்தான் இதையே ஆரம்பிச்சேன். அவன் சாப்பிடாத எதையும் நான் யாருக்கும் அனுப்பினதில்ல." பின்னாடி ஒரு குழந்தை மழலையில என்னமோ கேக்குது, "இருடா தங்கம், அத்தைகூடப் பேசிட்டு வர்றேன்"னு அவங்க சொல்றாங்க. முன்னப்பின்ன தெரியாத ஒரு பையனுக்கு நான் அத்தை ஆயிட்டேன். அந்த ஒரு வார்த்தையிலதான் விழுந்தேன். எத்தனை தடவை திருப்பித் திருப்பிக் கேட்டேன்னு சொன்னா நம்ப மாட்டீங்க.

மாசத்துக்கு 30 கப், அஞ்சு தவணையா, தவணைக்கு ஆறு. கப் ஒண்ணு 198 ரூபாய். மொத்தமா முன்பணம் 5,940. கியூஆர் கோடு ஸ்கேன் பண்ணினப்ப பண்ணையோட பேர் வரல, யாரோ ஒரு ஆளோட சொந்தப் பேர் வந்துச்சு. ஒரு நொடி கை நின்னது நிஜம். கேட்டதுக்கு, "அது எங்க வீட்டுக்காரர் அக்கவுண்ட்ம்மா"ன்னாங்க. எங்க வீட்டுலயும் அப்படித்தானே நடக்குதுன்னு அனுப்பிட்டேன்.

ரெண்டாம் நாளே பார்சல் வந்தது. ஐஸ் ஜெல் பையோட, அழகான ஸ்டிக்கர் சுத்தின ஆறு கப். பாப்பா முதல் ஸ்பூனை வாங்கி ஒரு நொடி முழிச்சா, அப்புறம் ஸ்பூனைப் பிடிச்சு இழுத்தா. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அந்தம்மாவும் உடனே கேட்டாங்க: "குட்டி சாப்பிடறதை ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கம்மா, பார்க்க ஆசையா இருக்கு." அனுப்பினேன். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

மூணு நாள், மூணு கப். நாலாம் நாள் அத்தை, அவங்க போட்ட தயிர்ல ஒரு வாய் கொடுத்துப் பார்த்தாங்க. பாப்பா த்தூன்னு துப்பிட்டா. அத்தைக்குச் சந்தேகம் வந்து, கப்புல மீதி இருந்ததை வழிச்சு நாக்குல வெச்சாங்க. "ஏங்கண்ணு, இது தயிரா பாயாசமா?" நானும் வெச்சுப் பார்த்தேன். இனிப்பு. மூணு நாளா ஊட்டியிருக்கேன், ஒரு தடவைகூட நான் ருசி பார்க்கல. அந்தக் குரல் சொன்னதே எனக்குப் போதுமா இருந்திருக்கு.

காலிக் கப்பைச் சுடுதண்ணியில போட்டேன். ஸ்டிக்கர் வாழைப்பட்டை மாதிரி உரிஞ்சு வந்துச்சு. உள்ள இன்னொரு அச்சு. சூப்பர் மார்க்கெட்டுல 35 ரூபாய்க்கு விக்கற ஃப்ளேவர் யோகர்ட். அந்தக் கம்பெனி மேல எனக்குக் கோபம் இல்ல, அவங்க எல்லாத்தையும் ஒழுங்கா அச்சடிச்சுத்தான் வெச்சிருக்காங்க. அதை ஒரு ஸ்டிக்கர் போட்டு மூடியிருக்காங்க பாருங்க, கோபமெல்லாம் அவங்க மேலதான்.

பாலுக்கு அடுத்து ரெண்டாவது இடத்துல சர்க்கரை. பொருள் பட்டியல்ல எது அதிகமோ அதுதான் முன்னாடி வரும், அது எனக்கு அப்பத்தான் தெரியும். 100 கிராமுக்குச் சேர்த்த சர்க்கரை 9.5 கிராம். 80 கிராம் கப்புன்னா ஒன்றரை டீஸ்பூனுக்கு மேல. வெறும் தயிர்லயும் பாலோட சொந்தச் சர்க்கரை 100 கிராமுக்கு நாலஞ்சு கிராம் இருக்கும், அது லாக்டோஸ், அதைப் பத்திப் பயமில்ல. "சேர்த்த சர்க்கரை"ன்னு தனியா ஒரு வரி இருக்கும், பார்க்க வேண்டியது அதைத்தான். ப்ரோபயாட்டிக், அதாவது உயிரோட இருக்கற நல்ல பாக்டீரியான்னு சொன்னாங்களே, நொதிச்சதுக்கு அப்புறம் சூடு பண்ணினதுன்னு அங்கயே போட்டிருக்கு. சூடு பண்ணிட்டா உயிரோட பாக்டீரியா எங்க இருக்கும்?

2023 மார்ச்சுல தயிர்ப் பாக்கெட்ல "தஹி"ன்னு போடணும்னு உத்தரவு வந்து, தமிழ்நாடே சத்தம் போட்டதும் வாபஸ் வாங்கினாங்களே, அப்ப நானும் ஆவேசமா ஸ்டேட்டஸ் வெச்சேன். லேபிள்ல பேர் என்னன்னு அவ்வளவு சண்டை. அந்தப் பேருக்குக் கீழே இருந்த பட்டியலை ஒரு நாளும் படிச்சதில்ல.

இப்ப முக்கியமான விஷயம். பட்டியல்ல நாலாவதா தேன்.

ஒரு வயசு ஆகற வரைக்கும் குழந்தைக்குத் தேன் கூடாது. நாக்குல தடவற பழக்கம் இன்னும் பல வீட்டுல இருக்கு, அதுவும் கூடாது. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்னு ஒரு கிருமியோட வித்து தேன்ல இருக்கலாம். நம்ம வயித்துல அது ஒண்ணும் செய்யாது. சின்னக் குழந்தையோட குடல்ல முளைச்சு நஞ்சை உண்டாக்கும், அது நரம்பைத் தாக்கும். சூடு பண்ணினாலும் வித்து சுலபத்துல சாகாது. டாக்டருக்குப் போன் பண்ணினப்ப எனக்கு வாயே குழறுச்சு. அவர் நிதானமாத்தான் பேசினார்: "வர்றது ரொம்ப அபூர்வம்மா, பயப்படாதீங்க. ஆனா ஒரு மாசம் வரைக்கும் கண்ணு வெச்சிருங்க. மலச்சிக்கல், பால் உறிஞ்சறதுல பலமில்லாம போறது, இமை தொங்கறது, கழுத்து துவள்றது, அழுகைச் சத்தம் மெலியறது. இதுல எது தெரிஞ்சாலும் உடனே தூக்கிட்டு வாங்க." கடைசிக் கப் ஊட்டி இன்னைக்கு 9 நாள். இன்னும் 21 நாள் நான் எண்ணணும்.

அந்தப் பக்கத்துக்கு ஸ்டிக்கர் உரிச்ச போட்டோவை அனுப்பினேன். அதுவரைக்கும் "ம்மா", "ம்மா"ன்னு பேசினவங்க அந்த நிமிஷத்துல இருந்து "மேடம்". "மேடம், கப் மட்டும்தான் வெளியே வாங்கறோம், உள்ள எங்க தயிர்தான்." அப்போ மேல மெஷின்ல ஒட்டின ஃபாயில் மூடியும் வெளியே வாங்கினதான்னு கேட்டேன். "டீம்கிட்ட கேட்டுச் சொல்றேன்." அதுக்கப்புறம் ரெண்டு நீல டிக் மட்டும்தான் வருது. போன் பண்ணினா பிஸி, பிஸி, பிஸி. மூணாம் நாள் ஒரு ஆம்பளைக் குரல்: "கெட்டுப்போற பொருளுக்கு ரிஃபண்ட் கிடையாதுங்க மேடம். மீதிக் காசுக்கு நாட்டு மாட்டு நெய் வேணா அனுப்பறோம்." நெய்யாம்! தயிரையே ஸ்டிக்கர் ஒட்டி வித்தவன் நெய்யை எதுல இருந்து எடுப்பானோ. 24 கப் வரவே இல்ல, அதுக்கே 4,752 ரூபாய் ஆகுது, அதையாவது கொடுங்கன்னு கெஞ்சினேன். எனக்கே அசிங்கமா இருந்துச்சு. அப்புறம் அவங்க வீடியோவுக்குக் கீழே நடந்ததை எழுதினேன். பத்து நிமிஷத்துல அது காணோம், என்னையும் பிளாக் பண்ணிட்டாங்க.

வீட்டுக்காரர் போன்ல அந்தப் பக்கத்தைத் திறந்தோம். புதுசா ஒரு வீடியோ. பாப்பா. எங்க பாப்பா, எங்க வீட்டுச் சேர்ல, ஸ்பூனைப் பிடிச்சு இழுக்கறா. "இன்னொரு குட்டிக்கும் பிடிச்சிருக்கு!" 5,940 ரூபாயையும் வாங்கிக்கிட்டு என் பொண்ணையே விளம்பரத்துக்கு எடுத்துக்கிட்டாங்க. புகார் கொடுத்திருக்கோம், இதை எழுதற வரைக்கும் வீடியோ இறங்கல.

பேங்க்ல கேட்டா "நீங்களாத்தானே அனுப்பினீங்க"ங்கறாங்க. பேமென்ட் ஆப்ல அதையே கொஞ்சம் மரியாதையான இங்கிலீஷ்ல சொல்றாங்க. சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் பேசிப் பதிஞ்சாச்சு, புகார் நம்பர் கிடைச்சது. நுகர்வோர் உதவி எண் 1915-ல பில் இருக்கான்னு கேட்டாங்க. பில்லா? என்கிட்ட இருக்கறது ஒரு வாய்ஸ் மெசேஜ். உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலகத்துல மட்டும்தான் ஒருத்தர் உக்கார வெச்சு முழுசாக் கேட்டார். ஸ்டிக்கர்ல இருந்த எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பரை, அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட உரிம நம்பரை, விரல் வெச்சு எண்ணச் சொன்னார். 13 இலக்கம். உண்மையான நம்பருக்கு 14 இருக்கணுமாம். பிரிக்காத மூணு கப்பையும் ஃப்ரிட்ஜ்லயே வெச்சிருக்கச் சொல்லியிருக்கார்.

வீட்டுக்காரரோட சிநேகிதர் ஒருத்தர் வக்கீல். அவர் சொன்னதைக் கேட்டு இன்னும் எரிச்சலாச்சு. 1992-லயே ஒரு சட்டம் வந்து, 2003-ல அதை இறுக்கியிருக்காங்களாம். ரெண்டு வயசு வரைக்கும் உள்ள குழந்தைக்குன்னு சொல்லி விக்கற உணவுக்கு விளம்பரமே செய்யக்கூடாதாம். அப்போ "ஆறு மாதம் முதல்"னு எந்த வீடியோ எதை வித்தாலும், அதை நம்பறதுக்கு முன்னாடியே அது தப்பு. ராத்திரி ரெண்டு மணிக்கு இதெல்லாம் யாருக்குத் தெரியும்?

ஏ2 பத்தியும் தேடினேன். 2024 ஆகஸ்ட்ல அந்த வார்த்தையைப் பாக்கெட்ல இருந்து எடுங்கன்னு எஃப்எஸ்எஸ்ஏஐ சொல்லி, அஞ்சே நாள்ல அதை வாபஸ் வாங்கியிருக்காங்க. அது பால்ல இருக்கற ஒரு புரதத்தைப் பத்தின பேச்சு. சர்க்கரை இருக்கா இல்லையான்னு அது சொல்லாது.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், பாப்பா புரள ஆரம்பிச்சுட்டா. வேகமா சொல்லிடறேன். கடையில வாங்கினா "ப்ளெயின்", ஆடை எடுக்காத பால், பட்டியல்ல பாலும் உறையும் தவிர வேற ஒண்ணும் இருக்கக்கூடாது. பழக்கூழ், பழச்சாறு கான்சன்ட்ரேட்னு இருந்தாலும் சர்க்கரைதான். தேன்னு இருந்தா அங்கயே வெச்சுட்டு வாங்க. ஸ்டிக்கரை உரிச்சுப் பாருங்க. நீங்க ஒரு வாய் ருசி பார்த்துட்டு ஊட்டுங்க. சொந்தப் பேருக்குப் போற கியூஆருக்கு முன்பணம் வேண்டாம். குழந்தை வீடியோவை யாருக்கும் அனுப்பாதீங்க, எவ்வளவு ஆசையாக் கேட்டாலும்.

அத்தை இப்ப தினமும் சின்னக் கிண்ணத்துல தனியா உறை ஊத்தறாங்க. பாப்பா இன்னும் முகத்தைச் சுளிக்கறா, நேத்து ரெண்டு ஸ்பூன் உள்ள போச்சு.

எந்திரிச்சுட்டா. நல்லா கணீர்னு அழறா.