ஒரு இஞ்ச்சா, முக்காலா? பைப்புக்குள்ள நிக்கிற தண்ணி கணக்கு

தண்டையார்பேட்டை வீட்ல பழைய ஜிஐ (துத்தநாகம் பூசுன இரும்பு) லைன் துரு புடிச்சு அடைச்சிக்கிச்சு. மாடி டேங்க்ல இருந்து கிச்சன் வரைக்கும் சிபிவிசி (சுடுதண்ணி தாங்குற பிளாஸ்டிக் பைப்) மாத்தணும், ஒரு இஞ்ச் போடலாமா முக்கால் போதுமான்னு ரெண்டு நாள் மண்டை காஞ்சுது. பிளம்பர் அண்ணன் ஒரே பேச்சு, "இன்னா தம்பி, கால் இஞ்ச்சுக்கு போய் இவ்ளோ யோசிக்கிற, ஒரு இஞ்ச்சே போட்டு வுடு". நான் முக்கால் தான் போட்டேன்.

முக்கால் விலை கம்மி, ஒரு இஞ்ச்ல ஃப்ளோ ஜாஸ்தி, இதெல்லாம் தெரிஞ்ச கதை, விடுங்க.

என் தலைவலி பைப்புக்குள்ள நிக்கிற தண்ணி தான். டேங்க்குல இருந்து டேப் வரைக்கும் நாப்பது அடி, அதாவது 12 மீட்டர், அதுல பாதி மொட்டை மாடி தரைல வெயில்ல கெடக்கு. டேங்க்குக்கு மேல ஷீட் இருக்கு, அந்த தண்ணி பரவால்ல. ஆனா கத்திரி வெயில்ல மதியம் டேப்ப தொறந்தா மொதல்ல கொஞ்சம் சாதாரணமா வரும், அப்புறம் திடீர்னு கொதிக்கும், அரிசி களைய கை வைக்க முடியாது. லைன்ல இருக்கிறது மொத்தமும் போனா தான் நல்ல தண்ணி வரும், அப்போ லைன் எவ்ளோ புடிக்குதோ அவ்ளோவையும் ஒவ்வொரு தடவையும் புடிச்சு ஓரம் வைக்கணும்.

ஃபார்முலா ஸ்கூல்ல படிச்சது தான். உள் விட்டத்தை அதாலயே பெருக்கி, 0.785ஆல பெருக்கி, நீளத்தால பெருக்கணும், எல்லாம் செ.மீ.ல போட்டு 1000ஆல வகுத்தா லிட்டர். நான் சொதப்புனது எங்கன்னா, வெளில அளந்து போட்டுட்டேன், முக்காலுக்கே 4.6 லிட்டர் வந்துச்சு. அப்புறம் செம்புதாஸ் தெருல ஒரு கடைல வெட்டுன துண்டு ரெண்டு வாங்கி வாய்ப்பக்கம் அளந்தா தான் தெரிஞ்சுது, ஒரு இஞ்ச்ன்னா 25.4 மி.மீ.னு நெனச்சிட்டு இருந்தேன், அந்த பைப்ல 25.4 எங்கயுமே இல்ல! வெளி 28.6, எஸ்டிஆர் 11ல (அதாவது வெளி விட்டம் பைப் சுவர் தடிமனைப் போல 11 மடங்கு) உள்ள சுமார் 23.4. முக்காலுக்கு வெளி 22.2, உள்ள 18.2.

இப்ப போட்டு பாருங்க. ஒரு இஞ்ச் மீட்டருக்கு 0.43 லிட்டர், 12 மீட்டருக்கு அஞ்சு லிட்டருக்கு மேல. முக்கால் 0.26, மொத்தம் மூணு சொச்சம். கால் இஞ்ச் தானேன்னு தோணும், விட்டம் ரெண்டு தடவை பெருக்குறதால தண்ணி ஒன்றரை மடங்குக்கும் மேல ஏறிடுது. ஒரு நாளைக்கு மூணு தடவைன்னா ஆறு லிட்டர் வித்தியாசம், ஏறக்குறைய அரை குடம், எங்க ஏரியால அது சும்மா இல்ல.

கடைல நிக்கும்போது அவசரத்துக்கு, இஞ்ச்சை இஞ்ச்சால பெருக்கி பாதியாக்கிக்கங்க, மீட்டருக்கு லிட்டர் வந்துடும். ரெண்டு இஞ்ச்னா ரெண்டு லிட்டர், நாலு இஞ்ச்னா எட்டு. உள் விட்டம் அதே இஞ்ச் இருந்தா தான் சரியா வரும், சிபிவிசிக்கு கொஞ்சம் கூட காட்டும்.

லைன் போட்டதும் டேங்க் வால்வை மூடி கிச்சன் டேப்ல வடிச்சு பாத்தேன், ஏர் வென்ட் இருக்கிறதால காத்து உள்ள போய் தண்ணி முழுசா எறங்கிடுச்சு. ஒரு லிட்டர் மக்ல மூணு தடவை ரொம்பி நாலாவதுல அடில கொஞ்சம்.

எங்களுக்கு டேப் ரெண்டே ரெண்டு, அதான் முக்கால் சமாளிக்குது. மூணு குடித்தனம் ஒரே லைன்ல இருந்தா ஒரு இஞ்ச் தேவைப்படலாம், நான் அப்படி ஓட்டி பாக்கல. பக்கெட் ரொம்புறதுக்கு லேட்டாகுதுன்னு தம்பி மட்டும் இன்னும் திட்டிட்டு இருக்கான், புடிச்சு வெச்ச மூணு லிட்டர் சுடுதண்ணில அம்மா எண்ணெய் பாத்திரம் கழுவிக்கிறாங்க.